பழைய கடைசல் பொறியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில், வாழ்நாள் முழுவதும் லேத்துப் பட்டறையில் நின்ற ஒரு டர்னருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'தொழிற்கல்வியும் நம் சமுதாயமும்' என்பதாகும். அது கடல் போன்ற பொருள். அதைக் கைக்கு அடங்கும் அளவிற்குச் சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நம் சங்கக் கட்டடத்தின் பின்புறக் கொட்டகையில், சாக்குப் போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய லேத்து ஒன்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மூடப்பட்டுவிட்ட ஒரு பட்டறையிலிருந்து அது நமக்கு நன்கொடையாக வந்தது. அதை எடைக்குப் போட்டுவிட்டு, கிடைக்கும் தொகையைக் கணிப்பொறி வாங்கப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து இன்று செயற்குழுவின் முன் இருக்கிறது. அந்தப் பொறியை விற்கலாகாது என்றும், நம் பிள்ளைகளின் கைகளைக் கொண்டே அதைச் செப்பனிட வேண்டும் என்றும் நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களையும், செப்பனிடும் முறையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தாய்ப்பொறி

கடைசல் பொறியில் வேலைப்பொருள் சுழலும். வெட்டும் உளி அதன் நெடுகிலும் நகரும். மரத்தைக் கடைந்து பம்பரமும் தொட்டில் காலும் செய்யும் கடைசல்காரரின் தொழிலும் இந்த அடிப்படையில் அமைந்ததே. அங்கே உளியைக் கை பிடித்துக்கொள்கிறது. உலோகக் கடைசல் பொறியில் இரும்புச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. அச்சு, புஷ், திருகு, கப்பி ஆகிய அனைத்தும் இதில் உருவாகும். இன்னொரு கடைசல் பொறிக்கு வேண்டிய உறுப்புகளையும் இதிலேயே செய்துகொள்ளலாம். ஆகையால்தான் இதனைப் பொறிகளின் தாய் என்று தொழிலாளர் சொல்கிறார்கள்.

சுமார் 1800-ஆம் ஆண்டளவில், துல்லியமாகத் திருகு வெட்டும் கடைசல் பொறியை லண்டனில் செய்து காட்டியவர் ஹென்றி மாட்ஸ்லே. அவர் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். பன்னிரண்டாம் வயதில் வூல்விச் படைக்கலச் சாலையில் தோட்டாவிற்கு மருந்து நிரப்பும் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பட்டறையில் வேலை செய்த ஜோசப் விட்வொர்த் என்பவரே 1841-இல் திருகுகளுக்குப் பொதுவான அளவு வேண்டும் என்று முன்மொழிந்தார். இன்றும் பழைய பொறிகளில் நாம் காணும் 55 பாகைக் கோணத் திருகு அவர் பெயராலேயே வழங்குகிறது.

நாம் வாழும் இந்த வடசென்னையின் வரலாறும் கடைசல் பொறியோடு பின்னிக் கிடக்கிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிற்று. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் எண்ணூரின் அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தலைப்பட்டது. இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் மூல உற்பத்தி 1970-இல் நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. தாய்நாட்டில் கைவிடப்பட்ட ஒரு வண்டியை இங்குள்ள தொழிலாளரின் கைகள் வாழ வைத்தன என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். இப்பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறுசிறு பட்டறைகள் முளைத்தன. காசிமேட்டு விசைப்படகின் சுழலித் தண்டு தேய்ந்தால், அதைச் சரிசெய்யவும் ஒரு லேத்துப் பட்டறையைத்தான் தேடிச் செல்ல வேண்டும். 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ ரயில் நம் டோல்கேட்டிலும் நின்று செல்கிறது. ரயில் மேலே போகிறது; அதன் அச்சும் சக்கரமும்கூட ஏதோ ஒரு கடைசல் பொறியில் கடையப்பட்டவையே.

பொறியைச் சுற்றி நின்றவர்கள்

பொறிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் முழங்குவது எளிது. பொறியைச் சுற்றி நிற்கும் மனிதருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த பிரிவு நெசவுப் பிரிவாகும். அங்கே நாடாவின் துளை வழியே நூலை உதட்டால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதார் உதடு பட்ட நாடாவைத் தாம் தொடுவதா என்ற காரணத்தால் நம்மவர்களை அப்பிரிவிற்குள் விடாமல் வைத்திருந்தார்கள். 1928-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தத் தடையை எடுத்துக்காட்டி, தொழிற்சங்கத் தலைவர்களிடமே நியாயம் கேட்டார்.

அண்ணல் அவர்கள் 1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அவர் அளித்த கோரிக்கை மனுவை நம் பிள்ளைகள் படித்தறிய வேண்டும். உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம்மவர்களுக்குத் தொழில் பழகும் இடங்கள் வேண்டும் என்றும் அதிலே கேட்டார். பட்டமும் பட்டறையும் நம் விடுதலைக்கு இரு கைகள் என்று அவர் கருதியதாகவே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நான் தொழில் பழகிய பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் மூன்றாண்டுகள் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சக்கின் அடியில் குவியும் இரும்புச் சுருளை வாருவதும், எண்ணெய்க் குழிகளில் எண்ணெய் விடுவதுமே. பின்னர் பொறியை ஓட்டவும் விட்டார்கள். ஆனால் மைக்ராமீட்டர்ப் பெட்டி மேஸ்திரியின் அலமாரியில் பூட்டியே இருந்தது. நான் கடைந்த அச்சை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்லும் உரிமை வேறொருவருக்கு இருந்தது. அவர் என்னைவிடப் பிந்தி வந்தவர், மேஸ்திரியின் உறவினர். உழைப்பை நம்மிடம் வாங்கிக்கொள்ள அங்கே எவரும் தயங்கவில்லை. அளக்கும் கருவியைத்தான் நம் கையில் தரத் தயங்கினார்கள்.

அன்பர்களே! பொறியை ஓட்டுகிறவன் வேறு, பொறியைச் சோதித்துச் சரிசெய்கிறவன் வேறு. ஓட்டுகிறவனுக்கு நாட்கூலி; சரிசெய்கிறவனின் சொல்லுக்கு முதலாளியும் காத்திருப்பார். நம் கொட்டகையில் உள்ள பழைய பொறி, இந்த இரண்டாவது கல்வியை நம் பிள்ளைகளுக்கு அளிக்க வல்லது. புத்தம் புதிய பொறியால் அதை அளிக்க இயலாது. ஏனெனில், பழுதுள்ள இடத்தில்தான் பழுதை அறியும் கண் பிறக்கிறது.

செப்பனிடும் முறை

இனி, செப்பனிடும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். இத்தொழிலில் இருப்போர் பொறுத்தருள வேண்டும். மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

முதல் நாள் எதையும் கழற்றலாகாது. பார்க்க வேண்டும், கையால் சுழற்ற வேண்டும், கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிடி ஆடுகிறது, எந்தப் பற்சக்கரம் உடைந்திருக்கிறது, எங்கே துரு மேலோடு நிற்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. போர்த்திய சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வெறும் இரும்பைவிடச் சாக்கிற்கு அடியிலுள்ள இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். ஆகவே முதலில் அந்தச் சாக்கை அகற்றி, மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு துடைக்க வேண்டும். படுக்கையின் வழித்தடங்களில் எமரித் தாளைத் தேய்க்கலாகாது. உதிரும் பொடி வழித்தடத்தில் தங்கி, மீண்டும் அதையே அரைக்கும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை ஈரப்படுத்தியே சுரண்ட வேண்டும், மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வோர் உறுப்பிற்கும் எண்ணிட்ட சீட்டுக் கட்ட வேண்டும். டேப்பர் பின்னைச் சிறிய முனையிலிருந்துதான் தட்ட வேண்டும்; பெரிய முனையிலிருந்து தட்டினால் மேலும் இறுகும். வராத திருகைச் சுத்தியலால் மிரட்டாமல், எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, பொறி நிற்கும் நிலை. தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கப்படும் பொறிகளுள் பல, உண்மையில் தரையின் குற்றத்தால் முறுக்கிக்கொண்டவை. வார்ப்பிரும்புப் படுக்கை எவ்வளவு கனமாயினும், நான்கு கால்களில் ஒன்று தாழ்ந்தால் மெல்ல முறுக்கிக்கொள்ளும். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் பொறியாளர் ரசமட்டத்தைப் படுக்கையின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்துப் பார்த்து, காலடியில் ஷிம் தகடு கொடுத்து நேராக்க வேண்டும். பிறகு ஒரு தடித்த கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில் ஸ்டாக்கின் துணையின்றி, அதன் இரு இடங்களில் வளையம் போல் மெல்லிய வெட்டு எடுக்க வேண்டும். இரு வளையங்களின் விட்டமும் ஒன்றாக இருந்தால் நலம். வேறுபட்டால், படுக்கையின் முறுக்கிலோ ஹெட் ஸ்டாக்கின் திசையிலோ பிழை உண்டு. ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். நாம் தேடுவது அதனினும் பன்மடங்கு சிறிய வேறுபாடு.

மூன்றாவது, சுழல்தண்டு. டயல் கேஜை அதன் முனையில் வைத்துக் கையால் மெல்லச் சுழற்றினால், எத்தனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆடுகிறது என்று முள் சொல்லும். பழைய பொறிகளில் தண்டு கன்மெட்டல் அல்லது வைட் மெட்டல் தாங்கியில் சுழலும். தாங்கி இரு பிளவாக இருந்து இடையில் ஷிம் வைத்திருந்தால், மெல்லிய தகடு ஒன்றை எடுத்தாலே தளர்ச்சி குறையும். மிகுதியாக இறுக்கினால் தாங்கி சூடேறிப் பழுதாகும். ஆதலால் சற்று ஓட்டி, கை வைத்துப் பார்த்து, மீண்டும் இறுக்க வேண்டும்.

நான்காவது, வழித்தடத் தேய்மானம். பெரும்பாலான வேலைகள் குட்டையானவை. ஆகவே உளியைச் சுமக்கும் சேடில் சக்கின் அருகிலேயே ஆண்டுக்கணக்கில் முன்னும் பின்னும் நகர்கிறது. அவ்விடத்தில் படுக்கை தேய்கிறது. டெயில் ஸ்டாக் பக்கம் புதிதுபோல் இருக்கிறது. முன்புற வழித்தடம் அதிகம் தேய்ந்தால் சேடில் முன்னோக்கிச் சாய்கிறது; உளி வேலைப்பொருளை விட்டு விலகுகிறது; விலகிய அளவைப் போல் இரு மடங்கு விட்டத்தில் கூடுகிறது. ஜிப் தகடுகளைச் சரியாக இறுக்குவதால் தளர்ச்சியின் ஒரு பகுதி தீரும். எஞ்சியதை ஸ்கிரேப்பர் கொண்டு சுரண்டித்தான் தீர்க்க வேண்டும். மிகவும் தேய்ந்த படுக்கையை அரைவைப் பொறிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பதமேற்றிக் கடினமாக்கிய படுக்கையில் ஸ்கிரேப்பர் பாயாது. எது எந்த வகை என்று அளந்தறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, அளவு முறை. இது அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட பொறி. இன்று யாருக்கு உதவும் என்று ஓர் அன்பர் கேட்டார். நம் நாட்டில் 1956-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்தது உண்மையே. ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். அதனை ஐந்தால் பெருக்கினால் 127 ஆகும். ஆதலால் 127 பற்கள் கொண்ட ஒரு பற்சக்கரத்தை இடையில் பூட்டிவிட்டால், அங்குல லீட் ஸ்க்ரூ மில்லிமீட்டர்த் திருகை வெட்டும். ஒரு சக்கரம் இரண்டு காலத்தை இணைக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். மோட்டாருக்கு எர்த் இணைப்பும், பெல்ட்டிற்கு மூடியும் இன்றிப் பொறியை ஓட விடலாகாது. சக்கின் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கை எடுக்கலாகாது. கையுறை, தொங்கும் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை பொறியின் அருகில் வரலாகாது. சுருளைக் கையால் இழுக்கலாகாது.

மூன்று தட்டுகள்

ஸ்கிரேப்பிங் என்று சொன்னேன். இவ்வுரையின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. ஒரு பரப்பு சமதளமா என்று அறிய, சமதளமான இன்னொரு பரப்பின் மீது மெல்லிய நீலச்சாயம் பூசி, இதை அதன்மேல் வைத்து நகர்த்துவார்கள். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும், அவற்றைச் சுரண்டுவார்கள். மீண்டும் வைப்பார்கள், மீண்டும் சுரண்டுவார்கள்.

அப்படியானால் முதன்முதலில் சமதளம் எங்கிருந்து வந்தது? அதை எதனோடு ஒப்பிட்டார்கள்? இதற்குரிய விடையைச் செம்மைப்படுத்தி 1840-இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் முன்னே சொன்ன விட்வொர்த். கரடுமுரடான மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று மேடாகவும் மற்றொன்று குழியாகவும் பொருந்திவிடலாம், நாமும் ஏமாறுவோம். மூன்றாவது தட்டு வந்ததும் அந்த ஏமாற்று நடவாது. முதல் தட்டும் இரண்டாம் தட்டும் மூன்றாவதோடு பொருந்துமாயின் அவை இரண்டும் ஒரே வடிவின. இரண்டும் மேடாக இருந்தால், தம்முள் வைத்துப் பார்க்கும்போது நடுவில் மட்டுமே ஒட்டும். மாற்றி மாற்றி, திருப்பித் திருப்பி வைத்துச் சுரண்டிக்கொண்டே போனால், மூன்றும் ஒன்றோடொன்று எல்லாப் பக்கமும் பொருந்தும் நிலை ஒன்றே ஒன்றுதான்: மூன்றும் சமதளமாக இருப்பது.

மாணவச் செல்வங்களே! இதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். அந்த மூன்று தட்டுகளுள் எதுவும் நேராகப் பிறக்கவில்லை. எதற்கும் நேர்மையான தந்தையோ பாட்டனோ இல்லை. ஒன்றையொன்று சோதித்து, ஒன்றின் மேட்டை மற்றொன்று காட்டிக்கொடுத்து, பொறுமையாகச் சுரண்டப்பட்டதால் அவை உலகத்திற்கே அளவுகோலாயின. துல்லியம் என்பது பரம்பரைச் சொத்து அன்று; சோதனையினாலும் உழைப்பினாலும் எவர் கையிலும் பிறக்கக்கூடியது. கைவேலை சிலரின் இரத்தத்திலே ஊறியது, மற்றவர்க்கு வராது என்று நம்மிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. அதற்கு மறுப்பு நூல்களில் உண்டு. நீலச்சாயம் பூசிய இரும்பிலும் உண்டு.

செயற்குழுவிற்கு என் வேண்டுகோள்

கணிப்பொறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலத்திற்கேற்ற கல்வி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டன. அங்கே கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் பொறிகளில் பிள்ளைகள் பழகுகிறார்கள். மகிழ்ச்சி. ஆயினும் சி.என்.சி. பொறிக்கும் படுக்கை உண்டு, சுழல்தண்டு உண்டு, வழித்தடம் உண்டு. கடைந்த பொருள் ஒரு முனையில் பருத்து வந்தால், காரணம் அறியாதவன் பொத்தானை மீண்டும் அழுத்துவான். காரணம் அறிந்தவன் ரசமட்டத்தைத் தேடுவான். நம் பிள்ளைகள் இரண்டாமவராக அங்கே செல்ல வேண்டும்.

ஆகவே செயற்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பன்னிரண்டு மாணவரைத் தெரிந்தெடுத்து, அவருள் சரிபாதி பெண்பிள்ளைகளாக இருக்குமாறு பார்த்து, வாரம் இரு மாலைகள் இப்பொறியைச் செப்பனிடும் வகுப்பு நடத்த வேண்டும். கூலியின்றிக் கற்பிக்க நானும், ஓய்வு பெற்ற பிட்டர் நண்பர்கள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம். இரண்டாவது, மைக்ராமீட்டர், டயல் கேஜ், ரசமட்டம் ஆகியவற்றைச் சங்கம் வாங்க வேண்டும்; அந்தப் பெட்டியின் சாவி வகுப்பு மாணவரிடமே முறைவைத்து இருக்க வேண்டும். மூன்றாவது, குறிப்பேடு முடிந்ததும் அதை நம் நூலகத்தில் வைக்க வேண்டும். அடுத்த அணி அதைப் படித்துத் திருத்த வேண்டும். நான்காவது, வகுப்பு முடித்தோரைத் தொழில் பழகுநர் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், அதன் 3ஏ பிரிவின்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 1942-இல் அண்ணல் கேட்ட ஒன்று சட்டத்தில் ஏறியிருக்கிறது. அந்த இடங்களில் போய் நிற்கத் தகுதியோடு நம் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவ்விடங்கள் முறையாக நிரப்பப்படுகின்றனவா என்று கேட்பது நம் கடமை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பிள்ளை வீடு திரும்பினால் வருந்தாதீர்கள். நாம் கறை படிந்த வேலைகளைச் செய்ததால் தாழ்ந்துபோகவில்லை. அவ்வேலையின் அறிவை நமக்கு மறுத்ததால் தாழ்த்தப்பட்டோம். அறிவோடு சேர்ந்த கறை, கழுவினால் போய்விடும்.

பொறி எழுந்து ஓட ஓர் ஆண்டு ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை அது பணம் ஈட்டித் தராது. எடைக்குப் போட்டால் நாளையே கையில் தொகை வரும் என்பதையும் நான் மறுக்கவில்லை. எனினும் அத்தொகை ஒருமுறை செலவானால் தீர்ந்துவிடும்; இப்பொறியில் அளக்கக் கற்ற பிள்ளையோ எந்தப் பட்டறையிலும் பிறர் அளந்து சொல்வதற்காகக் காத்து நிற்கமாட்டான், நிற்கமாட்டாள். செயற்குழு இதனைச் சீர்தூக்கி நல்ல முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.